மருந்து நாய்க்கு, துணை வளர்ப்பவர்க்கு

வெறிநோய், பார்வோ, தோல் அரிப்பு, உண்ணிக் காய்ச்சல் என நாய்களுக்கு வரும் நோய்கள் சிலவற்றை நாய் வளர்ப்போர் பலரும் அறிவர். ஆனால், நாயின் உடல் தன் இரத்தத்தைத் தானே அழித்துக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு என்பது, அந்நோய் தம் வீட்டுக்குள் நுழையும் நாள்வரை அவர்களுள் பெரும்பாலோருக்குத் தெரியாது. கால்நடை மருத்துவர்கள் ஐ.எம்.எச்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கும் இதனைத் தமிழில் 'தன்னெதிர்ப்பு இரத்தசோகை' எனலாம்.

சில நாள்களிலேயே உயிரைப் பறிக்கவல்ல இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. எனினும், அந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி மருத்துவமனையில் நடப்பதில்லை. வீட்டின் கூடத்திலும் சமையலறையிலும், மருத்துவப் பயிற்சி ஏதுமற்ற ஒருவரின் கைகளால், மாதக்கணக்கில் நடக்கிறது. நாய்களுக்கு மருத்துவம் பார்க்கும் தொழிலில் நீண்ட காலம் இருந்துவரும் எனக்கு ஒன்று நன்றாகவே புலப்பட்டிருக்கிறது. இந்நோயில் நாய் பிழைப்பது மருந்தை மட்டும் சார்ந்ததன்று. அதை வளர்ப்பவர் தளர்ந்துபோகாமல் நிற்பதையும் சார்ந்தது. ஆகவே, அவரைத் தாங்கிப் பிடிப்பதையும் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே கொள்ள வேண்டும். நம் மருத்துவமனைகளிலும் சமூகத்திலும் இந்த எண்ணம் இன்னும் வேரூன்றவில்லை.

காவலே பகையானால்...

நுரையீரலிலிருந்து பிராணவாயுவை ஏந்திச் சென்று உடலெங்கும் சேர்ப்பவை இரத்தச் சிவப்பணுக்கள். நாயின் உடலில் ஒரு சிவப்பணு சுமார் 110 நாள்கள் வாழ்கிறது. முதிர்ந்த அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் அகற்ற, எலும்பு மஜ்ஜை புதியவற்றை உருவாக்கிக்கொண்டே இருக்கும். வரவும் செலவும் நிகராக இருக்கும் இந்தக் கணக்கை நோயெதிர்ப்பு மண்டலம் குலைத்துவிடுவதே இந்நோய். கிருமிகளைக் கண்டு அவற்றின்மீது ஒட்டிக்கொள்ள வேண்டிய எதிர்ப்புரதங்கள், சொந்தச் சிவப்பணுக்களின்மீது ஒட்டிக்கொள்கின்றன. அவ்வாறு குறியிடப்பட்ட அணுக்களை அந்நியப் பொருளெனக் கருதி மண்ணீரலில் உள்ள விழுங்கணுக்கள் விழுங்கிவிடுகின்றன. சில நாய்களில் இரத்தக் குழாய்களுக்குள்ளேயே அவை உடைந்து சிதறுவதும் உண்டு. இதே தாக்குதல் தட்டணுக்களின்மீது திரும்பினால், ஈறுகளிலும் தோலுக்கடியிலும் இரத்தம் கசியும். இவ்விரண்டும் ஒருசேர வருகிற நாய்களும் உள்ளன.

முந்தைய நாள் மாலைவரை வாசலில் துள்ளிய நாய், காலையில் எழ மறுக்கிறது. உணவைத் திரும்பியும் பார்ப்பதில்லை. உதட்டை விலக்கிப் பார்த்தால், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறியோ மஞ்சள் படர்ந்தோ காணப்படுகிறது. சிறுநீர் தேநீர் நிறத்தில் கழிகிறது. ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறது. உறங்கும் நாய் நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சுவிடுவது கவனிக்கத்தக்க அறிகுறி. வெயில் சோர்வு என்றோ, எதையோ தின்றுவிட்டது என்றோ எண்ணி இரண்டு நாள் காத்திருப்பது இயல்பு. ஆனால் இந்நோயில் அந்த இரண்டு நாள்களே விலைமதிப்பற்றவை. வெளிறிய ஈறு, மஞ்சள் நிறம், கருஞ்சிவப்புச் சிறுநீர் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இரத்தத்தை நுண்குழாயில் இட்டு வேகமாகச் சுழற்றினால், சிவப்பணுக்கள் அடியில் படியும். மொத்த இரத்தத்தில் அவற்றின் அளவு எத்தனை விழுக்காடு என்பதே 'பி.சி.வி.' எனப்படும் கணக்கு. நலமான நாய்க்கு இது ஏறத்தாழ 37 முதல் 55 வரை இருக்கும். இந்நோயில் 15-க்கும் கீழே இறங்கிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அடுத்து, நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் நடுவில் வெளிறாமல் சிறு உருண்டைகளாகத் தெரிகின்றனவா, உப்புநீர் கலந்த பின்னும் ஒன்றோடொன்று திரள்கின்றனவா என்று பார்ப்போம். ஐயம் எஞ்சினால் கூம்ப்ஸ் சோதனை துணைசெய்யும். 1945-இல் இதனை உலகுக்கு அளித்த மூவருள் ஒருவரான ராபின் கூம்ப்ஸ், கால்நடை மருத்துவம் பயின்றவர் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. கருவுற்ற தாய்மார்களின் இரத்தத்தில் இன்று உலகெங்கும் செய்யப்படும் சோதனையும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

காரணம் தேடுதல்

எதனால் இப்படி நேர்கிறது? பல நாய்களில், எவ்வளவு தேடியும் காரணம் புலப்படுவதில்லை. காக்கர் ஸ்பேனியல் போன்ற சில இனங்களுக்குப் பிறப்பிலேயே இதற்கான சாய்வு மிகுதி. வேறு சில நாய்களில், ஒரு நோய்த்தொற்றோ புற்றுநோயோ மருந்தோ நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிடுகிறது. நம் நாட்டுச் சூழலில் முதலில் ஐயப்பட வேண்டியவை உண்ணிகள் பரப்பும் நோய்களே. சிவப்பணுவுக்குள் புகுந்து வாழும் பபீசியா என்னும் ஒட்டுண்ணி, அந்த அணுக்களைத் தான் அழிப்பதோடு, உடலையும் அவற்றுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது. 2019-இல் அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி வெளியிட்ட வல்லுநர் குழு அறிக்கை, பல தூண்டுகாரணங்களை ஆராய்ந்து, பபீசியா கிப்சோனை என்னும் வகைக்கே வலுவான சான்று உண்டு என்று கூறியது. இவ்வகை இந்திய நாய்களிடம் பரவலாகக் காணப்படுவது.

ஆதலால், தமிழ்நாட்டில் ஒரு நாய் இந்நோயோடு வரும்போது, உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனைகளைச் செய்யாமல் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தை மட்டும் தொடர்வது பொருந்தாது. ஒட்டுண்ணி உள்ளே இருக்க, காவலை மட்டும் அடக்கினால், பகைவனுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகவே முடியும். 'இத்தனை சோதனை எதற்கு?' என்று கேட்கும் உரிமை வளர்ப்பவருக்கு உண்டு. அதற்கு அவருக்குப் புரியும் சொற்களில் விடைசொல்லும் கடமை மருத்துவருக்கும் உண்டு.

வீடே மருத்துவமனை

சிகிச்சையின் அடிப்படை, கட்டுமீறிய நோயெதிர்ப்பை அடக்குவது. பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தே முதற்கருவி. நோய் கடுமையாக இருந்தால் அதனுடன் மைக்கோஃபினோலேட், அசதியோப்ரின், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றில் ஒன்று சேர்க்கப்படும். இவை பலன்தரச் சில நாள்கள் ஆகும். சில வேளைகளில் வாரங்களும் ஆகும். அதுவரை நாயின் உயிரைத் தாங்கி நிற்பது, ஏற்றப்படும் இரத்தமே.

இரத்தம் குறைவதால் வரும் ஆபத்தைப் போலவே மற்றோர் ஆபத்தும் உண்டு. இந்நோயில் இரத்தக் குழாய்களுக்குள் உறைகட்டிகள் தோன்றி நுரையீரலை அடைத்துக்கொள்கின்றன. இந்நோயால் இறக்கும் நாய்கள் பலவற்றின் முடிவுக்கு இதுவே காரணம். இரத்தமே இல்லாத நாய்க்கு இரத்தம் உறையாமலிருக்க மருந்து தருவதைக் கண்டு வளர்ப்பவர்கள் திகைப்பது இதனால்தான். இறப்புகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு வாரங்களில் நேர்கின்றன. அந்தக் காலத்தைக் கடந்துவிட்ட நாய்க்கு நம்பிக்கையோடு எதிர்காலத்தைப் பேசலாம். ஆய்வுகள் தரும் இறப்பு விழுக்காடு இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபட்டாலும், இந்நோய் கண்ட நாய்களில் ஒரு பெரும்பங்கு பிழைப்பதில்லை என்பதை மறைக்க இயலாது.

மருத்துவமனையை விட்டு நாய் வீடு திரும்பும் நாளில்தான் வளர்ப்பவரின் பணி தொடங்குகிறது. மருந்தின் அளவை மூன்று வாரத்துக்கு ஒருமுறை போலச் சிறிது சிறிதாகக் குறைத்து, முற்றிலும் நிறுத்த நான்கு முதல் எட்டு மாதங்கள் வரை ஆகலாம். ஒவ்வொரு முறை குறைக்கும் முன்னரும் இரத்தச் சோதனை வேண்டும். 'நன்றாகத்தான் இருக்கிறதே' என்று ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், நோய் திரும்புவதோடு, உடல் தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோனும் இன்றி நாய் நிலைகுலையக்கூடும்.

இதற்கிடையே அந்த மருந்தே புதிய தொல்லைகளைத் தரும். நாய் குடங்குடமாக நீர் குடிக்கும். இரவில் இருமுறை மும்முறை சிறுநீர் கழிக்க எழுப்பும். அடங்காப் பசியில் குப்பைக்கூடையைக் கவிழ்க்கும். வயிறு பெருத்து, தொடைத் தசைகள் வற்றி, முடி உதிர்ந்து, உருவமே மாறிவிடும். அடுக்ககத்தின் நான்காவது மாடியில் வாழ்பவருக்கு, இரவு இரண்டு மணிக்கு நாயைக் கீழே அழைத்துச் செல்வது என்பது ஒருநாள் வேலையன்று. பல மாதங்களின் வாழ்க்கை. இவை மருந்தின் விளைவுகள், மருந்து குறையக் குறைய மாறுபவை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அச்சம் பாதி நீங்கும். சொல்லாமல் விட்டால், நாய் மேலும் நலிவதாக எண்ணி மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

சில எச்சரிக்கைகளை எழுத்திலேயே தருவது நல்லது. காய்ச்சல், வலி என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலையோ இப்யூபுரூஃபனையோ நாய்க்குக் கொடுக்கக்கூடாது. இவை நலமான நாய்க்கே கேடு. சிறிய வெங்காயமோ பெரிய வெங்காயமோ பூண்டோ சேர்ந்த சாம்பார்ச் சோறும் பிரியாணி மிச்சமும் வேண்டா. அவையும் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அசதியோப்ரின், மைக்கோஃபினோலேட் மாத்திரைகளைக் கையுறையின்றித் தொடலாகாது. அவற்றை உடைக்கவும் கூடாது. கருவுற்ற பெண்கள் அவற்றைக் கையாளவே கூடாது. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் அன்றாடம் மருந்தின் அளவு, ஈறின் நிறம், சிறுநீரின் நிறம், உண்ட அளவு, உறக்கத்தில் மூச்சு எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் குறித்துவரச் சொல்வது என் வழக்கம். அந்த நோட்டு எனக்குத் தகவல் தருகிறது. அதைவிட முக்கியமாக, செய்வதறியாது கலங்கியிருப்பவருக்கு ஒரு வேலையையும் பிடிமானத்தையும் தருகிறது.

'நான் என்ன தவறு செய்தேன்?'

'பிழைக்குமா?' என்பதுதான் வளர்ப்பவர்கள் கேட்கும் முதற்கேள்வியாக இருக்கும் என்று பலர் நினைக்கக்கூடும். பெரும்பாலும் நான் முதலில் கேட்பது, 'நான் என்ன தப்புப் பண்ணினேன் டாக்டர்?' என்பதுதான். தீவனத்தை மாற்றியதாலா, கடற்கரைக்கு அழைத்துச் சென்றதாலா, போன மாதம் தடுப்பூசி போட்டதாலா என்று அடுக்குவார்கள். கணவனும் மனைவியும் என் எதிரிலேயே ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக்கொண்டதும் உண்டு.

இக்கேள்விக்கு நேர்மையான விடை, பெரும்பாலான நேரங்களில், 'நீங்கள் எதுவும் செய்யவில்லை' என்பதே. தடுப்பூசிக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்தவர்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. வலுவான சான்று இல்லை. நோயிலிருந்து மீண்ட நாய்க்கு எந்தத் தடுப்பூசியை எப்போது போடுவது என்பதை மருத்துவர் அந்தந்த நாயின் நிலையறிந்து முடிவுசெய்ய வேண்டும். வெறிநோய் ஒழியாத நம் நாட்டில், அச்சத்தின்பேரில் அத்தடுப்பூசியைத் தாமாகவே கைவிடுவது நாய்க்கும் வீட்டாருக்கும் பேராபத்து.

குற்றவுணர்வு வெறும் மனத்துயராக நின்றுவிடுவதில்லை. அது முடிவுகளைத் திரிக்கிறது. தன்னால்தான் நோய் வந்தது என்று நம்பும் ஒருவர், பயனில்லை என்று தெரிந்த பின்னும் கடன்வாங்கிச் செலவு செய்கிறார். அல்லது முகத்தைப் பார்க்க அஞ்சி, பிழைக்கக்கூடிய நாயைக் கைவிடுகிறார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கென்ட் அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர் மேரி பெத் ஸ்பிட்ஸ்நாகலும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. மறதிநோயால் வாடும் முதியோரைப் பராமரிக்கும் குடும்பத்தாரின் சுமையை அளக்கப் பயன்படும் வினாத்தாளைச் சற்றே மாற்றி, நோயுற்ற செல்லப்பிராணிகளை வளர்ப்போரிடம் அவர்கள் பயன்படுத்தினர். நீடித்த நோயோ தீராத நோயோ கொண்ட பிராணியைப் பராமரிப்போருக்கு, நலமான பிராணியை வளர்ப்போரைவிட மனஅழுத்தமும் பதற்றமும் சோர்வும் மிகுதி என்று அவ்வாய்வு கண்டது. நாங்கள் கண்ணால் கண்டுவந்ததை அது அளந்து காட்டியது.

ஒரு நாய்க்கா இவ்வளவு?

மனிதர் நோயுற்றால் உறவினர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவர். அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்கும். நாய் நோயுற்ற வீட்டுக்கு யாரும் வருவதில்லை. 'ஒரு நாய்க்கா இவ்வளவு செலவு? இதற்கு இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கலாமே' என்ற சொல் மட்டும் வரும். அந்தச் சொல்லைத் தாங்க முடியாமல், விடுப்புக்கு வேறு காரணம் சொன்னவர்களை நான் அறிவேன். தனித்து வாழும் முதியவர்களுக்கு இது இன்னும் கொடிது. மகன் வெளிநாட்டில் இருக்க, பேச்சுத்துணையாக இருப்பது அந்த நாய் ஒன்றே. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இரவு மாத்திரையைக் கொடுக்க முடியாமல் கை நடுங்குகிறது என்று என்னிடம் கூறினார். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு வந்து மாத்திரை கொடுத்துச் சென்றார். அந்த மாணவர் செய்தது ஐந்து நிமிட வேலை. அது இல்லாதிருந்தால் எங்கள் மருந்து அந்த வீட்டில் செல்லுபடியாகியிருக்காது.

நாயின்மீதான அன்பு நகரத்து மேட்டுக்குடியினர் அண்மையில் இறக்குமதி செய்த பழக்கம் என்று எண்ணுவோர், திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூர் நடுகல்லை அறிவது நல்லது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த, 7-ஆம் நூற்றாண்டின் அந்தக் கல், கள்வரோடு போரிட்ட வீரனோடு அவனுடைய நாயையும் வடித்துக் காட்டுகிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் 'கோவிவன்' என்றும் பொறித்து வைத்திருக்கிறார்கள். பெயர்சொல்லி நினைவுகூரத்தக்க உயிராக நாயைக் கருதிய மரபு நம்முடையது.

மனித மருத்துவமும் நாய்க்குக் கடன்பட்டதே. ஓர் உயிரின் இரத்தத்தை மற்றோர் உயிருக்கு ஏற்றி உயிர்ப்பிக்க முடியும் என்பதை 1665-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் லோவர் என்னும் மருத்துவர் நிகழ்த்திக் காட்டியது, நாயிலிருந்து நாய்க்குத்தான்.

இரத்தமும் பணமும்

அந்த இரத்தம் நாய்களுக்கு எங்கே கிடைக்கும்? 1903-இல் தொடங்கப்பட்டு, இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அங்கமாக வேப்பேரியில் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்குகளுக்கான இரத்த வங்கி உள்ளது. நாட்டிலேயே இத்தகைய ஏற்பாடு அரிது. ஆனால், சென்னைக்குத் தொலைவில் உள்ள சிற்றூர் ஒன்றில் பி.சி.வி. 12-ஆக இறங்கிய நாயை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அது எட்டாத் தொலைவு. அவருடைய கைப்பேசித் தொடர்புகளும் அக்கம்பக்கத்தாரின் நாய்களுமே அவருக்கு இரத்த வங்கி.

நாயும் இரத்ததானம் செய்யலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கிறது. ஏறத்தாழ ஒன்று முதல் எட்டு வயதுக்குட்பட்ட, 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள, தடுப்பூசிகள் போடப்பட்ட, உண்ணிக் காய்ச்சல் இல்லை எனச் சோதித்தறியப்பட்ட சாதுவான நாய் ஒன்று, ஒரு முறைக்குச் சுமார் 450 மில்லிலிட்டர் தரலாம். சில வாரங்களில் அதன் உடல் இழந்ததை ஈடுசெய்துகொள்ளும். நாய்களுக்கும் இரத்த வகைகள் உண்டு. மனிதரைப்போல் பிற வகைக்கு எதிரான வலுவான எதிர்ப்புரதங்கள் நாய்க்கு இயல்பாக இருப்பதில்லை. ஆதலால் முதல்முறை இரத்தமேற்றுகையில் ஆபத்து குறைவு. மறுமுறை ஏற்றும்போது பொருத்தம் பார்ப்பது இன்றியமையாதது. ராஜபாளையம், லாப்ரடார் போன்ற பெரிய உடல்வாகுள்ள நாய்களை வளர்ப்போர், தம் ஊர் மருத்துவரிடம் கொடையாளர் பட்டியலில் பெயரைப் பதிந்துவைத்தால், அது முன்பின் அறியாத ஒரு வீட்டுக்குச் செய்யும் பேருதவி.

பணத்தைப் பற்றிப் பேச மருத்துவர்களும் கூசுகிறோம், வளர்ப்போரும் கூசுகின்றனர். இந்தக் கூச்சத்தால் நேரும் தீங்கு பெரிது. முதல் நாளிலேயே, எந்தக் கட்டத்தில் எவ்வளவு செலவாகலாம், அதற்கு ஈடாக எவ்வளவு நம்பிக்கை உண்டு என்பதைத் தெளிவாக எழுதித்தர வேண்டும். மருத்துவமனையில் சேர்த்தல், இரத்தமேற்றுதல், தொடர்ந்த சோதனைகள் ஆகியவை செலவு மிக்கவை. ஆனால் பிரெட்னிசோலோன், அசதியோப்ரின், குளோபிடோக்ரெல் ஆகியவை மனிதருக்கும் பயன்படும் மருந்துகளே. பொதுப்பெயரில் எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பவை. வசதி குறைந்தவருக்கு 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' என்ற இரு வழிகளை மட்டும் காட்டாமல், அவர் கைக்கெட்டிய தொகையில் செய்யக்கூடிய மிகச் சிறந்த சிகிச்சை எது என்று தேடித் தருவதே மருத்துவ அறம். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் தம் நாட்டுநாய்க்கு, இரத்தமேற்ற வழியின்றி, மாத்திரைகளையும் உண்ணி மருந்தையும் மட்டும் கொண்டு ஏழு மாதம் போராடி வென்றதை நான் கண்டிருக்கிறேன். எல்லா நாய்க்கும் அது நேராது. ஆயினும் முயலும் வாய்ப்பை மறுக்க நமக்கு உரிமையில்லை.

விடைகொடுக்கும் உரிமை

எல்லா முயற்சிக்குப் பின்னும் சில நாய்கள் மீள்வதில்லை. மீண்டவற்றிலும் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்டவற்றுக்கு நோய் திரும்புகிறது. அப்போது எழும் கேள்வியைப் பேசாமல் தவிர்ப்பது கருணையாகாது. நாயின் வாழ்வு அதற்கே சுமையாகிவிட்டதா என்று அறிய, அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லாலோபோஸ் 2004-இல் ஓர் அளவுகோலை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்னும் ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் வாழ்வைத் தொடர்வது தகும் என்பது அதன் கணக்கு. கண்ணீருக்கு நடுவே முடிவெடுக்க வேண்டியவருக்கு இத்தகைய எளிய கணக்கு பெருந்துணை. கருணைக்கொலையைத் தேர்ந்தாலும், இயற்கையான முடிவுவரை வலிநீக்கி வைத்துக் காத்தாலும், அந்த முடிவை எடுத்தவரைக் குறைசொல்லும் தகுதி வேறெவருக்கும் இல்லை. நாய் இறந்த ஒரு வாரத்துக்குப்பின் மருத்துவமனையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்புச் செல்லுமானால், அதன் மதிப்பை அதைப் பெற்றவர் மட்டுமே அறிவார்.

இனிச் செய்ய வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. மாவட்டந்தோறும் உள்ள கால்நடை மருத்துவமனைகளில் கொடையாளர் நாய்களின் பட்டியலும், இரத்தத்தைச் சேமிக்கும் எளிய வசதியும் ஏற்படுத்தப்பட வேண்டும். நோயைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் தமிழில் அச்சிட்ட இரண்டு பக்கக் கையேடு ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருக்க வேண்டும். கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதும் பாடமாக வேண்டும். நாய் வளர்ப்போர் அனைவரும் ஆண்டு முழுவதும் உண்ணித் தடுப்பைக் கைக்கொள்ள வேண்டும். நம் வெப்பநிலையில் உண்ணிக்கு ஓய்வுக் காலம் இல்லை; ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, அவை சுவரிடுக்குகளில் பொரிகின்றன. நாயின் உடலோடு அது உறங்கும் இடத்தையும் தூய்மையாக்குவதே முழுமையான தடுப்பு.

அண்டை வீட்டில் ஒரு நாய் நோயுற்றிருப்பதாக அறிந்தால், 'ஒரு நாய்க்கா?' என்று கேட்பதைத் தவிர்ப்போம். 'இரவு மாத்திரையை நான் கொடுக்கட்டுமா? மருத்துவமனைக்கு வண்டி வேண்டுமா?' என்று கேட்போம். மருத்துவம் செய்ய முடிந்ததன் எல்லை எங்கள் அறையின் வாசற்படியோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் உள்ள நீண்ட மாதங்களில் அந்த வீட்டாருக்குத் துணைநிற்க, மருந்தறிவு தேவையில்லை.